மும்பையா, பெங்களூருவா? வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் கணக்கு

ஷாதிபூரில் வசிப்பவர்களுக்கு விலைவாசி குறித்துப் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து வரும் காய்கறிக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இத்தீவின் இல்லத்தரசிகள் நன்கறிவர். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து மாற்றலாகி இங்கு வந்தபோது, வீட்டு வாடகையை மட்டும் விசாரித்துக்கொண்டு, 'சென்னையைவிடக் குறைவுதான்' என்ற நிறைவோடு கப்பலில் சாமான்களை அனுப்பினேன். கப்பல் தாமதமான ஒரு வாரத்தில் அபர்தீன் கடைவீதியில் தக்காளியின் விலையைக் கேட்ட பிறகே என் கணக்கில் விடுபட்டிருந்த பத்திகள் எவை எனத் தெரிந்தது. வணிகவியல் பட்டதாரியான நானே தடுமாறிய இடம் இது. ஆகவே, பின்வரும் பாடத்தை அனுபவப்பட்டவனின் குறிப்பாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அண்மையில் நம் கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளுடன் வந்திருந்தார். அவர் துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் தமிழகத்தில் பொறியியல் பயின்றவர். அதற்கான கல்விக்கடனை நம் வங்கியிலேயே பெற்றிருந்தார். இப்போது அவர் கையில் இரண்டு பணிநியமனக் கடிதங்கள் இருந்தன. ஒன்று மும்பை, பாந்திரா குர்லா வளாகத்தில். பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது மாதம் 72,000 ரூபாய். மற்றொன்று பெங்களூரு, வெளிவட்டச் சாலையில். கைக்கு வருவது 64,000 ரூபாய். தந்தை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். "எட்டாயிரம் அதிகம் சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். மகள் இணையத்தில் ஏதோ ஒரு குறியீட்டைப் பார்த்துவிட்டு, மும்பை இருபது விழுக்காடு செலவு கூடிய நகரம், ஆகவே பெங்களூருவே இலாபம் என்றார். இருவர் கணக்கும் தவறு. எங்கே தவறு என்பதைத்தான் இங்கு விளக்க முற்படுகிறேன்.

குறியீட்டெண் எதைச் சொல்கிறது?

தொழிலாளர் செயலகம் தொழிற்றுறைப் பணியாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2016-ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு, நாடெங்கும் 88 மையங்களுக்கு இது கணக்கிடப்படுகிறது. அகவிலைப்படி இதனைச் சார்ந்தே உயர்வதால், ஊதியம் பெறுவோர் பலரும் இதனைக் கவனித்து வருகின்றனர். ஆனால், இரு மையங்களின் குறியீட்டெண்களை அருகருகே வைத்து, எண் பெரிதாக உள்ள ஊரே செலவு கூடிய ஊர் என முடிவு கட்டுவது பெரும்பிழை.

காரணம் எளிது. ஓர் ஊரில் 2016-இல் ஒரு வீட்டின் வாடகை 5,000 ரூபாய் என்றும், மற்றோர் ஊரில் அதேபோன்ற வீட்டின் வாடகை 15,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அடிப்படை ஆண்டில் இரண்டுக்கும் குறியீட்டெண் 100. இன்று முதல் ஊரில் வாடகை 8,000, குறியீட்டெண் 160. இரண்டாம் ஊரில் 21,000, குறியீட்டெண் 140. எண் சிறியதாக உள்ள ஊரில்தான் வாடகை இரண்டரை மடங்குக்கும் மேல். ஓர் ஊர் தன் பழைய விலையிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையே இந்த எண் கூறும். ஊருக்கும் ஊருக்கும் உள்ள உயரத்தை அது அளப்பதில்லை.

அந்த உயரத்தை அளக்கும் பட்டியல்களும் உண்டு. மெர்சர் நிறுவனம் நியூயார்க் நகரை அடிப்படையாகக் கொண்டு, உலக நகரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையை ஒப்பிடுகிறது. ஆயினும் அது பன்னாட்டு நிறுவனங்கள் அயல்நாட்டுக்கு அனுப்பும் அலுவலர்களை மனத்திற்கொண்டு செய்யப்படுவது. அவர்கள் வாங்கும் கூடை வேறு. புழுங்கலரிசியும் சாம்பார்ப்பொடியும் உள்ள நம் கூடை வேறு. 'தி எக்கனாமிஸ்ட்' இதழ் 1986-இல் வேடிக்கையாகத் தொடங்கிய பர்கர் குறியீட்டையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் மாட்டிறைச்சி பர்கர் விற்கப்படாததால், கோழி இறைச்சி பர்கரின் விலையைக் கொண்டு அவர்கள் ஒப்பிட நேர்ந்தது. ஒரே பொருளை இரண்டு ஊர்களில் தேடுவதே எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மாதுங்காவின் இட்லியையும் பசவனகுடியின் இட்லியையும் வைத்து நம்மவர் யாரேனும் ஒரு குறியீடு தொடங்கினால் நான் முதல் சந்தாதாரராகச் சேர்வேன்.

அரசு நகரங்களைப் பிரித்துள்ள விதமும் ஓரளவே துணை செய்யும். மைய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப் படிக்காக நகரங்கள் எக்ஸ், ஒய், இசட் என வகுக்கப்பட்டுள்ளன. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உடையவை எக்ஸ். மும்பை, பெங்களூரு, சென்னை, தில்லி, கொல்கத்தா, ஹைதராபாத், புணே, அகமதாபாத் ஆகிய எட்டும் அவ்வகையின. அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டியதையடுத்து, 2024 ஜனவரி முதல் இவ்வகை விகிதங்கள் முறையே 30, 20, 10 விழுக்காடாயின. 5 லட்சத்துக்கு மிகக் குறைவான மக்கள்தொகை உடைய நம் போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) வழக்கமான கணக்கில் இசட் வகையில் நிற்க வேண்டியது. ஆனால் ஷில்லாங், கோவா ஆகியவற்றோடு இதற்கும் சிறப்பாணையின்படி ஒய் விகிதம் அளிக்கப்படுகிறது. தலையெண்ணிக்கை ஒன்றே வாழ்க்கைச் செலவைக் காட்டாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. மும்பையும் பெங்களூருவும் ஒரே வகையில் இருப்பதால், அரசுக் கணக்கின்படி நம் வாடிக்கையாளரின் மகளுக்கு இரண்டும் ஒன்றே. வாடகைக்கு வீடு தேடியவர் எவரும் அதனை ஏற்கமாட்டார்.

ஊருக்கேற்ப மாறுவதும் மாறாததும்

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நடுவே கோடிழுத்தோம். ஊர் மாறினாலும் மாறாத செலவுகள் ஒருபுறம், மாறுபவை மறுபுறம். இந்த ஒரு கோடுதான் இப்பாடத்தின் உயிர்நிலை.

மாறாதவை எண்ணத்தொடங்கினால் வியப்பாக இருக்கும். கல்விக்கடன் தவணை ஷாதிபூரில் இருந்தாலும் ஷாங்காயில் இருந்தாலும் அதேதான். கைப்பேசிக் கட்டணம், அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்ட சோப்பு, பற்பசை, மாத்திரை, இணையவழி வாங்கும் ஆடை ஆகியன பெருமளவு நாடெங்கும் ஒன்றே. மகள் எழுதிய வரிகள் இவை: தவணை 14,000, கைப்பேசி, இணையம் 1,000, உடை, மருந்து, சில்லறை 5,000, வீட்டுக்கு அனுப்புவது 10,000. மொத்தம் 30,000 ரூபாய்.

கடைசி வரியைத் தந்தை அப்போதுதான் பார்த்தார். ஒன்றும் பேசாமல் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, 10,000 என்பதை அடித்துவிட்டு 4,000 என்று எழுதினார். மகள் தாளைத் தம் பக்கம் இழுத்து மீண்டும் 10,000 என்று எழுதினார். நான் கணினித் திரையைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன்.

இனி மாறும் செலவுகள். இரு நகரங்களிலும் உள்ள தோழியரிடம் விசாரித்து அவர் குறித்து வந்த தொகைகளையே கணக்குக்கு எடுத்துக்கொண்டோம். வாசகர்கள் இவற்றைத் தத்தம் தொகைகளால் நிரப்பிக்கொள்ள வேண்டும். மூவர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் தம் பங்கு வாடகை மும்பையில் 22,000, பெங்களூருவில் 13,000. உணவு முறையே 9,000, 8,500. அலுவலகம் சென்று வர 1,500, 4,500. மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு, வேலையாள் பங்கு 3,000, 3,500. மும்பைக்குக் கூட்டுத்தொகை 35,500, பெங்களூருவுக்கு 29,500.

போக்குவரத்து வரியைக் கண்டு தந்தை ஐயம் கொண்டார். செலவு கூடிய மும்பையில் பயணம் மட்டும் எப்படி மலிவாகும் என்றார். மும்பையின் புறநகர் ரயில்தான் காரணம். அதன் இரண்டாம் வகுப்பு மாதப் பயணச்சீட்டு சில நூறு ரூபாயில் அடங்கும். 2025 ஜூலையில் ரயில் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோதும் புறநகர்க் கட்டணத்துக்கும் பருவச்சீட்டுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. நெரிசல் என்னும் விலை தனி. அதனை ரூபாயில் எழுத எனக்குத் தெரியவில்லை. பெங்களூருவில் 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணத்தின் உச்சம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகம்வரை ஆட்டோ வேறு. கர்நாடக அரசு 2023 ஜூன் முதல் சாதாரண அரசுப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்குகிறது. ஆனால் அது அம்மாநிலத்தில் வசிப்போருக்கு உரியது. கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை பெறும்வரை அந்தமான் முகவரி அங்கே உதவாது. முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை இளைஞர்கள் பலர் கவனிப்பதில்லை. மாதம் 200 அலகுவரை கட்டணமில்லாத கிருஹஜோதி மின்திட்டத்தை வாடகைக்குக் குடியிருப்போரும் பெறலாம். அதற்கும் உரிய பதிவு வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளிலிருந்து பெரும்பகுதி தானே சரிந்து நகரை அடைகிறது. பெங்களூருவோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காவிரி நீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பல கட்டங்களாக மேலேற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு அரசே விலை நிர்ணயிக்க நேர்ந்தது. காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டதால் நிலைமை தேறியிருக்கிறது. எனினும், வீடு பார்க்கும்போது காவிரிக் குழாய் இணைப்பு உண்டா, லாரியா எனக் கேட்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. குடிநீருக்கு மழையையும் தனிக்காரி அணையையும் நம்பியிருக்கும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இப்போது கணக்கை முடிப்போம். மும்பையில் மொத்தச் செலவு 30,000 + 35,500 = 65,500; மிச்சம் 6,500 ரூபாய். பெங்களூருவில் 30,000 + 29,500 = 59,500; மிச்சம் 4,500 ரூபாய்.

மகள் பார்த்த குறியீடு தவறன்று. மாறும் செலவுகளை மட்டும் ஒப்பிட்டால் மும்பை 20 விழுக்காடு கூடுதல்தான். 35,500-ஐ 29,500-ஆல் வகுத்தால் 1.20 வருகிறது. அந்த 20 விழுக்காட்டை முழுச் சம்பளத்தின் மீதும் ஏற்றியதுதான் பிழை. அப்படி ஏற்றினால் பெங்களூருவின் 64,000-க்கு ஈடாக மும்பையில் சுமார் 77,000 வேண்டும். 72,000 போதாது என்று தோன்றும். உண்மையில் 30,000 ரூபாய்ச் செலவு ஊரோடு மாறுவதே இல்லை. ஆகவே ஈடான சம்பளம் 64,000-உடன் 6,000 கூட்டினால் வரும் 70,000 மட்டுமே. தந்தை எட்டாயிரம் இலாபம் என்றார். மகள் ஐயாயிரம் நட்டம் என்றார். விடை இரண்டாயிரம் இலாபம். கடன் தவணையும் வீட்டுக்கு அனுப்பும் தொகையும் மிகுந்திருப்பவருக்கு, செலவு கூடிய நகரின் உயர்ந்த சம்பளம் குறியீடு காட்டுவதைவிடச் சாதகமாகவே அமையும். தவணையோ அனுப்ப வேண்டிய தொகையோ இல்லாத ஒருவர் இதே கடிதங்களை வைத்துக் கணக்கிட்டால் குறியீட்டுக்கு மிக நெருங்கிய விடையையே பெறுவார்.

மாதக் கணக்கில் வராதவை

மாதச் செலவோடு நிறுத்திக்கொள்வோர், வீடு எடுக்கும் நாளில் நம் கிளைக்குத் தனிநபர் கடன் கேட்டு வருகின்றனர். பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம், பேசினால் குறையும். 2021-இல் மைய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும். மும்பையில் முன்பணம் குறைவு. அங்கே பதினொரு மாத உரிம ஒப்பந்தமே பெருவழக்கு. அதனைப் பதிவு செய்வது மகாராஷ்டிரச் சட்டப்படி கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு யாரும் சாவியை வாங்க வேண்டாம்.

மகளின் பங்குக்குப் பெங்களூருவில் பத்து மாத முன்பணம் 1,30,000. மும்பையில் மூன்று மாதம் எனக் கொண்டால் 66,000. இத்தொகை திரும்பக் கிடைக்கும் என்பதால் செலவன்று எனச் சிலர் கூறுவர். அவர்கள் பாதியே சொல்கின்றனர். அப்பணம் தந்தையின் வைப்புத்தொகையிலிருந்து வரப்போகிறது. ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டி எனக் கொண்டால், இழக்கும் வட்டி மாதம் சுமார் 704 ரூபாய், மும்பைக்கு 357. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் பெங்களூருவில் பரவலான பழக்கம். இரண்டாண்டு குடியிருப்பதாகக் கொண்டு பரப்பினால் மாதம் 542. இவ்விரண்டாலும் பெங்களூரு மாதம் 890 ரூபாய் அளவுக்குப் பின்தங்குகிறது. ஆனால் ஆண்டுக்கு இருமுறை ஊர் வந்து செல்ல மும்பைக்கு 36,000, பெங்களூருவுக்கு 26,000 என அவர்கள் மதிப்பிட்டிருந்தனர். அந்த வித்தியாசம் மாதம் 833. ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிட்டன. தரகர் கூலி ஒரு மாத வாடகை எனில், இரண்டாண்டுக்குப் பரப்பியதில் மும்பைக்கு 375 ரூபாய் கூடுதல். மும்பையின் முன்னிலை இரண்டாயிரத்திலிருந்து 1,700 அளவுக்கு இறங்கியது.

வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு மும்பைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு வரை, பெங்களூருவுக்கு 40 விழுக்காடு வரை என்பது 2025-26 நிதியாண்டு வரை இருந்த பழைய விதி. பெங்களூரு பெருநகரமாகியும் நான்கு பழைய பெருநகரங்களின் பட்டியலில் அது அப்போது இடம்பெறாதது பலருக்கும் மனக்குறையாக இருந்தது. ஆனால் 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் ஊதியதாரருக்கு, நிலையான கழிவு 75,000 உட்பட 12.75 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை. அம்முறையில் வாடகை விலக்கும் இல்லை. இப்பெண்ணின் ஊதியத்துக்கு அந்த 50, 40 விவாதம் பொருளற்றது. தொழில்வரி இரு மாநிலங்களிலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய், அதுவும் சமம்.

கணக்கு இங்கே முடிந்தது என நான் தாளை மடிக்கப்போகையில், இதுவரை பேசாதிருந்த ஒன்றைத் தந்தை சொன்னார். பெங்களூரு ஹலசூரில் அவர் மனைவியின் தங்கை இருக்கிறாராம். "சித்தி வீட்டில் மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம். ஆனால் சித்திக்குத் தொந்தரவு என்று இவள் சம்மதிக்கமாட்டாள்" என்றார். மூன்று மாத வாடகை 39,000. இரண்டாண்டுக்குப் பரப்பினால் மாதம் 1,625. மும்பையின் முன்னிலை அநேகமாக மறைந்துவிட்டது. மூன்று மாதம் நேரில் அலைந்து, தரகரின்றி நல்ல வீடு பார்க்கும் வாய்ப்பு வேறு. இதுபோன்ற வரிகள் எந்தப் பன்னாட்டுப் பட்டியலிலும் இருப்பதில்லை. குடும்பத்தில் பேசினால்தான் தாளுக்கு வரும். அதனாலேயே பணிநியமனக் கடிதத்தோடு வருவோரைத் தனியே வர வேண்டாம் என்று சொல்லிவருகிறேன்.

ரூபாய் சமமானபின் இருவரும் வேறு செய்திகளைப் பேசத்தொடங்கினர்: எந்த நிறுவனத்தில் வேலை கற்றுக்கொள்ளலாம், அம்மாவின் மருத்துவச் சோதனைக்கு எங்கிருந்து விரைந்து வரலாம் என்பன போன்றவை. அவற்றில் வங்கி அலுவலருக்கு இடமில்லை. தேநீர் வரவழைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரை அழைத்தேன்.

பத்து நாள் கழித்து மகள் மட்டும் வந்தார். பெங்களூரு என முடிவாகியிருந்தது. சித்தி வீட்டில் ஒரு மாதம் மட்டும் தங்க ஒப்புக்கொண்டாராம். தந்தையின் கணக்குக்கு மாதந்தோறும் 5-ஆம் தேதி பணம் செல்வதற்கான நிலையுத்தரவுப் படிவத்தைக் கேட்டு நிரப்பினார். தொகை என்னும் இடத்தில் 10,000 என்று எழுதி, எழுத்தாலும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.